இசைத்தாரையும் மேற்படி குழாயும்

மனித குல வரலாற்றை எழுதுகிறவர்கள் நெருப்புக்கு ஓர் அத்தியாயமும் சக்கரத்துக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்குவது வழக்கம். இனி எழுதப்போகிறவர்கள் 'எட்டாவது ஜன்னல்' என்ற வலைப்பூவுக்கும் ஒன்று ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்காவிட்டால் அது வரலாறே அல்ல, வெறும் பழைய சங்கதி.

அந்த வலைப்பூவின் நிறுவனர், ஆசிரியர், தலைமை நிருபர், இசை விமர்சகர் ஆகிய நால்வரும் ஒரே ஆள். நகராட்சி அலுவலகத்தில் வீட்டுவரிப் பிரிவில் எழுத்தர். கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு லிங்க்கை அனுப்பிவைப்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'லிங்க் சார்' என்று பெயர். வரி கட்ட வந்தவர்கள்கூட ஒரு லிங்க் வாங்காமல் திரும்பியதில்லை. ரசீது தாமதமாகலாம், லிங்க் தாமதமானதே இல்லை.

வலைப்பூவில் மூன்று பகுதிகள். முதலாவது, 'வலையில் சிக்கியவை'. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் தன் வீட்டுக் கதவுகள் கிரீச்சிடும் சத்தத்தை மட்டும் பதிவுசெய்து சேர்த்து வைத்திருக்கிறார் என்ற உண்மையை இதன் மூலம்தான் உலகத்தின் மற்ற மூலைகள் தெரிந்துகொண்டன. இரண்டாவது, 'நம்மூர் இசை'. மூன்றாவது, 'அன்றாடம்'. இது லிங்க் சாரின் வீட்டில் நடப்பதைப் பற்றியது. வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு அதிகம் தெரியாது என்பதால் இந்தப் பகுதியில் கற்பனை வளம் சற்றுத் தூக்கலாக இருக்கும்.

வாசகர்கள் பதினொரு பேர். அலுவலகக் கணினி, வீட்டுக் கணினி, கைப்பேசி என்று மூன்று அவதாரங்களில் அவரே வந்து போவார். இன்னொருவர் மைத்துனர். அவர் பதிவைத் திறக்காமலே 'அருமை மாமா' என்று எழுதும் ஆற்றல் படைத்தவர்.

நிற்க. குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது.

லிங்க் சாரின் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் யாருக்குக் கிட்டப்பார்வை, யாருக்குத் தூரப்பார்வை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எதிரில் இருப்பது எதுவும் தெரியாத ஒரு ரகம் உண்டு என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டாள்.

"என்னங்க, அந்தக் குழாய்க்காரருக்குப் போன் பண்ணுங்க. ராத்திரியெல்லாம் சொட்டுது."

"ஆவன செய்யப்படும்."

ஆவன செய்தார். அந்த வட்டாரத்துக்கே ஒரே குழாய்க்காரர்தான். 'வாஷர் அண்ணன்' என்றால் தெரியாதவர் இல்லை. பகலில் குழாய் வேலை, விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாட்டு. அவரைப் போனில் கூப்பிட்டால் மணி அடிக்காது. அவரே பாடிய பாட்டு ஒன்று கேட்கும். "வாசல் வரைக்கும் வந்தவளே, வந்தவள் ஏனோ நின்..." அவ்வளவுதான். அந்த இடத்தில் தொலைபேசி நிறுவனம் கத்தரி போட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து வரும். வாஷர் அண்ணன் போனை எடுக்கவே மாட்டார் என்பதால், ஒரு வாரத்தில் லிங்க் சார் அந்தத் துண்டை எத்தனை முறை கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? தெருமுனை வரை நடந்துபோய் ஆளைக் கையோடு கூட்டிவருவான். லிங்க் சார் சாதாரண மனிதர் அல்ல. ஒரு பக்கம் புகழ்ந்து எழுதினால் ஆள் ஓடி வந்து நிற்பார், வலைப்பூவுக்கும் ஒரு பதிவு ஆயிற்று என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க்குக் குறிவைத்தார்.

"பாட்டு என்றால் முடிந்தே தீர வேண்டும் என்ற மூடநம்பிக்கையை இந்தக் கலைஞர் உடைத்தெறிந்திருக்கிறார்" என்று தொடங்கியது அந்தப் பதிவு. "ஒரு சொல்லின் நடுவில், கேட்பவனை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு விலகிப் போகும் அவருடைய துணிச்சல் புதியது. இவர் 'இசைத்தாரை'. இந்தக் கைகள் ஸ்பானர் பிடிக்கவா பிறந்தன?"

மைத்துனர் 'அருமை மாமா' போட்டார். வாஷர் அண்ணன் அதைத் தன் உறவினர் குழு, நண்பர் குழு, குழாய்ப் பணியாளர் குழு என்று எல்லாவற்றிலும் பகிர்ந்தார். மறுநாள் காலையில் வலைப்பூவைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை நானூற்றைத் தாண்டியிருந்தது. லிங்க் சார் பல் தேய்க்க மறந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் குழாய் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

திட்டமிட்டபடியே அன்று மாலை வாஷர் அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தார். கருவிப் பையைக் காணோம். கழுத்தில் ஒரு சால்வை இருந்தது.

"வாங்கண்ணே, பை எங்கே?" என்றாள் மனைவி.

"அதைப் பரண்ல போட்டாச்சும்மா. சார் எழுதினதைப் படிச்சதுல இருந்து ஸ்பானரைத் தொட்டாலே கை கூசுது."

"குழாய் ஒழுகுதேண்ணே."

"கேட்டேன். ஸ்ருதி சேரல" என்று சொல்லிவிட்டு அவர் லிங்க் சார் பக்கம் திரும்பினார். "சார், இனிமே எல்லாப் பாட்டையும் பாதியிலேயே நிறுத்திடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க சொன்னப்புறம்தான் என் பாணி என்னன்னு எனக்கே புரிஞ்சுது. வர்ற சனிக்கிழமை கச்சேரி வச்சிருக்கேன். நீங்கதான் தலைமை."

தலைமை என்ற சொல் காதில் விழுந்ததும் லிங்க் சாருக்குக் குழாய்ச் சத்தம் கேட்பது நின்றுவிட்டது.

மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு, மேற்படி குழாய் தொடர்பாக அவர் வேறொரு நடவடிக்கையும் எடுத்தார். 'ஐந்தே நிமிடத்தில் உங்கள் குழாயை நீங்களே' என்று ஒரு வீடியோ வலையில் சிக்கியது. அதைப் பார்த்துக்கொண்டே குழாயின் தலையைத் திருகினார். பாதியில், பக்கத்தில் வேறொரு வீடியோ தெரிந்தது. ஓர் ஆமை படிக்கட்டு ஏறுகிறது. ஆமை மேல்படிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழாயின் தலை அவர் கையில் இருந்தது. சொட்டு என்ற நிலையிலிருந்து ஒழுக்கு என்ற நிலைக்குக் குழாய் பதவி உயர்வு பெற்றது.

அன்றிலிருந்து மாடித் தொட்டி மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். பிரதான வால்வை மூடலாம் என்றால் அது துருப்பிடித்து அசையவில்லை. மனைவி வேலை முடிந்து வந்து கீழ்வீட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினாள். லிங்க் சார் 'அன்றாடம்' பகுதியில், "என் வீட்டில் ஒரு சிறிய அருவி பிறந்திருக்கிறது" என்று எழுதினார். அதைப் படித்த அன்றுதான் மனைவி வாளியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள குழாய் சரியாகலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"அங்கே நெட்டே வராதே."

"தண்ணி வரும்."

அவள் இல்லாத வீட்டை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்றாள் அவள். "மேடையில ஏறி உண்மையைச் சொல்லுங்க. போன்ல வர்ற அந்தத் துண்டைத் தவிர அவர் பாட்டு எதையும் நான் கேட்டதே இல்லைன்னு சொல்லுங்க. அந்த மனுஷன் பரண்ல இருந்து பையை எடுத்துடுவார்."

"சொல்லிடறேன்மா" என்றார். அப்போது அப்படித்தான் நினைத்தார்.

கச்சேரி நாளில் வாசகசாலையின் மாடி ஹால் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். உள்ளூர் இசைக்கு இப்படி ஒரு கூட்டம் கூடி யாரும் பார்த்ததில்லை. அந்த ரசிகர்கள் தாழ்ந்த குரலில் இசையைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எது?" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"சிங்க் அடைப்பு. மாவுத் தண்ணி கடை முழுக்க நிக்குது" என்றார் பேக்கரிக்காரர். "உங்களுக்கு?"

"ஃபிளஷ். வெளியில சொல்ல முடியல."

போனை எடுக்காத மனிதரை நேரில் பிடிக்க வேறு வழியில்லாமல் வட்டாரமே திரண்டிருந்தது. முதல் பாட்டு, புதிய பாணிப்படி, ஒரு சொல்லின் நடுவில் நின்றது. கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் மொத்தமாக எழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தது. அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். அதுவும் பாதியில் நின்றது. மறுபடியும் பாய்ந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இதே கதைதான். மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் சபையே எழுந்து நின்று மரியாதை செய்வதாகத்தான் தெரியும்.

லிங்க் சார் மேடையிலிருந்துதான் பார்த்தார்.

தலைமையுரைக்கு எழுந்தபோது உண்மை அவருடைய நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பேரும் 'எட்டாவது ஜன்னல்' வழியாக வந்தவர்கள் என்று நம்பினார். பதினொரு பேருக்காக எழுதிய மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மை வந்த வழியே உள்ளே போயிற்று.

"இந்தக் கை இனி ஸ்பானரைத் தொட்டால், அது கலைக்குச் செய்யும் துரோகம்" என்று முழங்கினார்.

ஹாலில் "ஐயோ" என்று ஒரு முனகல் எழுந்தது. பேக்கரிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அதை லிங்க் சார் 'உணர்ச்சிப் பெருக்கு' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் மனைவி எழுந்தாள். இந்த ஆளை நம்பி வாளியைக் கீழே வைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, ஒரு சின்ன வேண்டுகோள்."

"சொல்லும்மா. நேயர் விருப்பமா?"

"குளியலறையில பாடினா குரல் எப்படி எழும்பும்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்க வீட்டுக் குளியலறையில ஒரு பாட்டைப் பாடி ரெக்கார்ட் பண்ணினா, இவரோட பிளாக்ல போட்டுடலாமே."

வாஷர் அண்ணன் கண்ணை மூடினார். "டைல்ஸா, சிமெண்ட்டா?"

"உச்சி வரைக்கும் டைல்ஸ்."

"அப்போ குரல் நல்லா நிக்கும்."

"ஒரே ஒரு சங்கடம்ண்ணே. தண்ணி ஒழுகுற சத்தம் ரெக்கார்டிங்ல விழுமே."

"அதெப்படி விழலாம்? காலையில பையோட வர்றேன், முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்தறேன்."

முதலில் விளங்கிக்கொண்டவர் தலைமையாசிரியர்தான், படித்த மனிதர். "தம்பி, எங்க வீட்டுக் குளியலறையில எதிரொலி இன்னும் அற்புதமா இருக்கும்" என்று எழுந்தார். "கடைக்குப் பின்னாடி நம்ம சிங்க் பக்கம் ஒரு தடவை பாடிப் பாருங்கண்ணே" என்றார் பேக்கரிக்காரர். இசைத்தாரையின் சுற்றுப்பயணம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சால்வையும் பையுமாக வந்தார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு நின்றது. வீடு சட்டென்று அமைதியானது. மனைவி குழாயைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாள்.

வாஷர் அண்ணன் கைப்பேசியைச் சோப்பு வைக்கும் பலகையில் நிறுத்திவைத்து, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். 'வாசல் வரைக்கும் வந்தவளே' என்று தொடங்கி, 'வந்தவள் ஏனோ நின்...' என்ற இடத்துக்கு வந்தார். சபை இல்லை, மேடை இல்லை, தலைமை இல்லை. புதிய பாணி அவருக்கு மறந்துபோயிற்று. பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகும் ஒரு பாட்டு இருந்தது. வந்தவள் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காத ஒரு மனிதனின் பாட்டு. குரல் கொஞ்சம் கரகரத்தது. அது பொருத்தமாகவே இருந்தது. கதவுக்கு வெளியே ஈரத்துணியோடு நின்ற மனைவி துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இத்தனை நாளும் இந்த மனிதரை நாம் குழாய்க்காகவே தேடியிருக்கிறோமே என்று அவளுக்கு இருந்தது.

இதைக் கணவரும் கேட்க வேண்டும் என்று தோன்றிக் கூடத்துக்கு ஓடினாள். லிங்க் சார் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து ஹெட்போனை இழுத்தாள்.

"உள்ளே வந்து கேளுங்க. நிஜமாவே நல்லாப் பாடறார்."

"தெரியும்மா. அதைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"கேக்காம என்னத்தை எழுதறீங்க?"

"கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா எழுதறது எப்போ?" என்று அவர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

விமர்சன உலகம் அதுவரை காணாத வேகத்தில் அந்தப் பதிவு வெளியானது. "ஈரச் சுவர்களுக்கு நடுவே கண்ணை மூடி அமர்ந்திருந்தேன். கடைசி வரி என்னை அழவைத்துவிட்டது" என்று அதில் இருந்தது. மைத்துனர் உடனே 'அருமை மாமா' என்றார். புதிய பதிவு வந்திருப்பதாகச் சோப்புப் பலகையில் இருந்த கைப்பேசி 'டிங்' என்றது. சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், பாட்டு நின்றது.

சற்று நேரத்தில் பதிவின் கீழே இரண்டாவது பின்னூட்டம் வந்தது. எழுதியவர் பாடகர். எழுதிய இடம் குளியலறை.

"சார், நான் இன்னும் பாடி முடிக்கல."