எதிர்வீட்டுக்காரர் கேட்ட சத்து மாத்திரை

கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொன்னா எதிர்வீட்டுக்குக் கேக்கும். கதையே அவரைப் பத்தினதுதான்.

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மெடிக்கலுக்குப் போய் என் மாத்திரையை வாங்கிட்டு வரணும்.

போசரியில ஒரு கம்பெனியில லேத் ஓட்டி ரிட்டையர் ஆனதும் என் மனசு படுத்துக்கிச்சு. சோறு எறங்கல. குக்கர் விசில் அடிச்சா என்னைத்தான் திட்டுதுன்னு அடுப்படியில போய் சண்டை போட்டேன். என் வீட்டுக்காரி செல்வி குக்கரை விட்டுட்டு என்னை மனநல டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. இப்ப குக்கர் அது வேலையைப் பாக்குது, நான் என் வேலையைப் பாக்குறேன்.

ஆனா இதை வெளிய சொல்ல முடியுமா? நம்ம ஜனம் ஒரு மாதிரி பாக்குமே! "சத்து மாத்திரை"ன்னு விஷ்ராந்த்வாடியில எங்க பில்டிங் முழுக்க நானே பரப்பி வெச்சேன்.

வந்தது வினை. மாத்திரையில எனக்குக் கன்னம் உப்பிச்சு, தொந்தி விழுந்துச்சு, நல்ல தூக்கம். எதிர்வீட்டு மராட்டிக்காரர் பாட்டீல் கண்ணு வெச்சுட்டாரு. சம்சாரம் போனதுலேர்ந்து பாவம், அவருக்குத் தூக்கமே கிடையாது.

படியில மறிச்சாரு. "அரே அண்ணா, மெடிக்கலுக்கா? உங்க சத்து மாத்திரை எனக்கும் ஒரு பட்டை!"

தலையாட்டிட்டேன். என் தலைக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதான்.

திரும்பி வந்தா ஆளு வாசல்லயே நிக்கிறாரு!

"ஸ்டாக் இல்லையாம் சாப்."

"அப்ப கையில இருக்கிறது?"

"இது... கடைசிப் பட்டை."

"அதனாலென்ன, ஆளுக்குப் பாதி!"

கூடவே உள்ள வந்து உக்காந்துட்டாரு. செல்வி டீ வெச்சா. அவரு பாட்டுக்கு என் கையிலேர்ந்த பட்டையை வாங்கி, ராத்திரி மாத்திரை ஒண்ணைப் பிதுக்கி உள்ளங்கையில வெச்சாச்சு!

எனக்கு உசுரே போச்சு. "உங்க மாத்திரை உங்களுக்கு மட்டும்தான், யாருக்கும் கொடுக்காதீங்க, நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க, படுக்கையிலேர்ந்து மெள்ள எழுந்திரிங்க"ன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மெள்ள எழுந்திரிக்காம ஒரு நாள் தலை சுத்தி, நெத்தியால பீரோவுக்கு வணக்கம் போட்டவன் நான். இவரோ பிரஷருக்கு வேற மாத்திரை முழுங்குற மனுஷன்!

"சாப், அது சத்து மாத்திரை இல்ல! மூலத்துக்கு!"

"எனக்கும் இருக்கே!"

"இல்ல இல்ல, சர்க்கரைக்கு!"

"அதுவும் இருக்கு!"

இந்த மனுஷன்கிட்ட இல்லாத வியாதியா ஒண்ணு கிடைக்கல எனக்கு!

டீ டம்ளரைத் தூக்கிட்டாரு. செல்வி என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்கு முன்னால குக்கர் திட்டினதெல்லாம் தாலாட்டு.

"மனசுக்கு!"ன்னு கத்திட்டேன். "மனநல டாக்டர் கொடுத்தது! எங்க வீட்டுக் குக்கர் என்னைத் திட்டுச்சு சாப்!"

பாட்டீல் என்னைப் பாத்தாரு. எட்டி அடுப்படியில குக்கரைப் பாத்தாரு. கை மெள்ள இறங்குச்சு.

"இதைப் போட்டா தூக்கம் வருமா அண்ணா?"ன்னாரு, சின்னக் குரல்ல.

"எனக்கு வந்துச்சு. உங்களுக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும்."

"சேச்சே, எனக்கென்ன! நான் நல்லாத்தான் இருக்கேன்!"ன்னு விறைச்சுக்கிட்டு எழுந்தாரு.

அவரு உள்ளங்கையிலேர்ந்து மாத்திரையை எடுத்துக்கிட்டே செல்வி சொன்னா: "எங்க டாக்டர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லதான் பாயிசாப். மாடியில. புதன்கிழமை கூட்டம் இருக்காது."

விறுவிறுன்னு போயிட்டாரு. போச்சுடா, நாளைக்குள்ள பில்டிங் முழுக்க நான் பைத்தியம்னு நெனச்சேன். ஒரு வார்த்தை வெளிய வரல.

புதன்கிழமை எங்க முறை. மாடி ஏறிப் போனா, ஓரத்து பெஞ்சுல மாஸ்க்கும் குல்லாவுமா ஒருத்தர். பாட்டீல்!

"அரே அண்ணா... நான் சும்மா... பல்லு வலி."

அந்தக் கட்டடத்துல பல்லு டாக்டரே கிடையாது. சொல்லலாம்னு நான் வாயைத் தொறந்தேன்.

செல்வி என் காலை ஒரு மிதி மிதிச்சுட்டு, அவரு பக்கத்துல போய் உக்காந்து, "எங்களுக்கும் பல்லுதான் பாயிசாப்"ன்னா.