புதுக் கடைக்கு மட்டும் வரிவிலக்கு

பசறை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகன் ஹுமைத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மகள் ஜிப்னாவும் கொழும்பில் நலமாக இருக்க வல்ல நாயனை இறைஞ்சுகிறேன். இங்கே மாமிக்குச் சுகம். எனக்குச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. புதன்கிழமை இந்த ஊர் என்னை அடக்கம் செய்ய வந்து நின்றது. நீங்கள் வரி உத்தியோகத்தர். ஆகவே இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

நம் ஊவா மாகாணத்தில் புதிதாகத் தொழில் தொடங்கி வேலை கொடுப்பவர்களுக்குப் பத்து வருட வரிவிலக்கு என்று அறிவித்தார்கள். உடனே பதுளை வீதியில் ஒரு கையுறைக் கம்பெனி நிலம் வாங்கி வேலி போட்டது. அறுபது பேருக்கு வேலையாம். நல்லது. நான் முப்பத்தொரு வருடமாகக் கடையின் பின்னறையில் நாலு மெஷின் போட்டு, தோட்டத்துப் பெண்கள் நால்வரை வைத்துப் பள்ளிக்கூடச் சட்டை தைப்பிக்கிறேன். அதில் தனுஜா பதினொரு வருடமாக இருக்கிறாள். காலர் வைக்க அவளை விட்டால் ஆளில்லை. அவளைக் கம்பெனிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். அவள் போனால் மற்ற மூவரும் போவார்கள், பின்னறையைப் பூட்டவேண்டியதுதான். எனக்கும் அந்த விலக்குக் கிடைத்தால் சம்பளத்தைக் கூட்டி நிறுத்திக்கொள்ளலாமே என்று பதுளை வரி அலுவலகத்துக்குப் போய் அதிகாரி மிஸ்ஸிடம் கேட்டேன்.

"இது புதுசா தொடங்குறவங்களுக்கு மட்டும் ஐயா."

"பழசா வேலை குடுத்தவன் பாவம் செஞ்சவனா மிஸ்?"

"சட்டத்த நான் செய்யல்ல ஐயா."

சட்டம் அச்சான அரசாங்க வர்த்தமானியை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். பழையவனுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அப்படியானால் பழைய கடையை மூடி, வேறு பெயரில் திறந்து, நானும் புதியவனாகிறேன் என்று முடிவெடுத்தேன். புதன்கிழமை பெண்களுக்கு லீவு கொடுத்துவிட்டு, பெயர்ப்பலகையைக் கழற்றி, கதவை அரைவாசி இறக்கி, இருப்புக் கணக்கெடுக்கச் சட்டைக்கான வெள்ளைத் துணியை வாசலில் கிடந்த மர வாங்கில் எடுத்து வைத்தேன். நம் கடைத்தெருவில் யாராவது மௌத்தானால், மையத்து வீட்டுக்குத்தான் கதவை அரைவாசி இறக்குவார்கள் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. வெள்ளைத் துணியைக் கண்டு கபன் துணி என்று நினைத்து எதிர்க்கடை ஸனூஸ் மரியாதைக்குத் தன் கதவையும் இறக்கினார், அவரைப் பார்த்து அடுத்தவர், கால் மணி நேரத்தில் தெரு முழுக்க அரைக் கதவு. தேத்தண்ணிக் கடை பஸீல் கதிரைகளைச் சுமந்து வந்தான். நான் உள்ளே நூல்பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்திருந்து வெளியே அவர்கள் பேசியதெல்லாம் கேட்டேன்.

"நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். வாய்தான் கொஞ்சம்..."

"கொஞ்சமா?"

எழுந்து வெளியே வந்தேன். பஸீல் கதிரையைக் கீழே போட்டான். "புஹாரி நானா, நீங்க உசிரோடயா ஈக்கிறீங்க?" என்று என்னமோ நான் குற்றம் செய்ததுபோல் கேட்டான்.

சிரிக்கவேண்டாம் மகன். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் உத்தியோகத்தரும் ஒருவர். செய்தி கேட்டுத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து தெருவோரம் அழுதுகொண்டு நின்ற தனுஜாவிடம், "இனி என்ன செய்யப்போற பிள்ளை?" என்று கேட்டு, நான் வெளியே வருமுன் வேலைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். "மொதலாளி போயிட்டீங்கன்னு நெனச்சுத்தாங்க போட்டேன்" என்கிறாள். பதினொரு வருடமாக வேலையில் இருக்கும் பெண் ஒரே கையெழுத்தில் 'புதிதாக உருவாக்கப்பட்ட வேலை' ஆகிவிட்டாள். அதற்காக அவர்களுக்கு வரிவிலக்கு. என்னிடம் இருந்த வேலை ஒன்று போனதை எந்த வரிப் பாரத்தில் எழுதுவார்கள்? இந்தக் கடிதத்தை உங்கள் மேலதிகாரிகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். ஒரு சொல்லையும் நான் மாற்றமாட்டேன்.

மகளுக்கும் உங்களுக்கும் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் கிடைக்க துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
அடக்கம் செய்யப்படாத மாமா,
ஏ. எல். புஹாரி

பி.கு.: உறையை ஒட்டுமுன் தனுஜா வந்தாள். கம்பெனி கட்டி முடிய எட்டு மாதமாம். அதுவரை இங்கேயே தைக்கிறேன் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். என் கையில் புதுக் கடைக்கான விண்ணப்பம் இருந்தது. அவள் வேறிடத்தில் கையெழுத்துப் போட்டவள், ஆகவே சட்டப்படி எனக்குப் புதியவள். 'உருவாக்கிய வேலை' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். விலக்குக் கிடைத்ததும் சம்பளத்தைக் கூட்டுவேன், பிறகு யார் கூப்பிட்டாலும் அவள் போகமாட்டாள். மேலே எழுதியதை ஒருவருக்கும் காட்டவேண்டாம் மகன். சட்டம் நல்ல சட்டம்தான். ஒரே கதிரையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஊவாவில் இப்போது இரண்டு புது வேலை உருவாகியிருக்கிறது.