மாக்கஸ் தந்த மெசினில் மருந்து இறங்காத விவகாரம்

வோபர்ன்
திங்கட்கிழமை

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் மாக்கஸுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் மூக்கைத் தவிர. ஒஷாவாவில் நீரும் கிளடிசும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மன்றாட்டு முடிந்தது. போனில் சொன்னால் சிரித்துச் சமாளிப்பீர் என்பதால் மிச்சத்தை எழுத்தில் தருகிறேன்.

"அத்தான், இனிக் கடையில தோட்டா வாங்கத் தேவையில்லை, வீட்டிலேயே அடையுங்கோ" என்று என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீர் தந்த மருந்து அளக்கும் மெசினை, மான் வேட்டைக்கு நாள் கிட்டிவிட்டதே என்று போன வெள்ளிக்கிழமைதான் பேஸ்மென்டில் எடுத்து வைத்தேன். மேலே குப்பியில் வெடிமருந்தைக் கொட்டிக் கைபிடியை இழுத்தால் ஒரு வெற்றுத் தோட்டாக் கோதுக்கு வேண்டிய மருந்து அளவாய் விழும் என்றீர். விழவில்லை. மறுபடி இழுத்தேன், ஒரு சிட்டிகை விழுந்தது. அடுத்த இழுவைக்கு எல்லாம் சேர்த்துக் கொட்டியது, எனக்குத் தும்மலும் வந்தது. உம்மைக் கேட்டால், "குளிருக்குக் காத்துக் காய்ஞ்சு மருந்து பிளாஸ்டிக்கில ஒட்டும். உடுப்புக் காயவைக்கேக்க போடுற வாசத்தாளால துடையுங்கோ" என்றீர். துடைத்தேன். மருந்து மல்லிகை வாசத்தோடு அதே இடத்தில் நின்றது. தட்டச் சொன்னீர். அகப்பைக் காம்பால் தட்டினேன். ஆரோ வந்திருக்கினமாக்கும் என்று உம் அக்கா றோசலின் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். ஈரமாக்கும் என்று, உப்புப் போத்தலுக்குள் போடுவதுபோல் நாலு அரிசி போட்டேன். ஒரு அரிசி குழாய்க்குள் போய்க் குந்திக்கொண்டது. அதைக் குத்தி எடுப்பதற்குள் ஞாயிற்றுப் பூசை போய்விட்டது. தும்மல் மட்டும் நிற்கவில்லை.

மச்சான், மருந்து குறைந்தால் தோட்டா குழலுக்குள் சிக்கும், கூடினால் துவக்கு என் முகத்தோடு போகும். பயத்தில் ஒரு கோதும் அடைக்கவில்லை. கழித்துவிட்ட மெசினை மலிவாய் வாங்கி என் தலையில் கட்டிவிட்டீர். ஆகவே இந்த முறை வேட்டைக்கு நான் வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டோம். இத்தனை வருசம் ஒன்றாய்ப் போய்வந்த எனக்கு இதை எழுதக் கவலையாகத்தான் இருக்கிறது.

உமக்குச் சகல ஆசீரையும், நல்ல சாமான் பார்த்து வாங்கும் புத்தியையும் ஆண்டவர் அருள்வாராக.

இன்னமும் உம் அத்தானாகிய,
யேசுரட்ணம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் மெசினைக் கழற்றிப் பார்த்தேன். அளக்கும் உருளைக்குள் சிவப்பாய், எண்ணெய்ப் பிசுக்கோடு என்னவோ அப்பியிருந்தது. என் மூக்குக்கு அது முதலே தெரிந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து றோசலின் இறங்கி வந்தாள். "ஐயோ, கோயில் விற்பனைக்கு நான் கறித்தூள் பக்கெற் போடுற மெசின்! கோடை முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடினது. அதுக்குள்ள உந்தக் கறுமத்தைக் கொட்டினது ஆர்?" பகல் முழுக்க பிறம்ரன் வெயர்ஹவுசில் வேலைக்கு நிற்கிற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மேலே உள்ளதைக் கிழித்துவிடும். சனிக்கிழமை வேட்டைக்கு நான் தயார். வரும்போது உம் அக்காவுக்குப் புது மெசின் ஒன்று கொண்டுவாரும். அதுவரை இந்த வீட்டில் எனக்கு மூன்று நேரமும் தூள் போடாத வெள்ளைக்கறிதானாம்.