அபராதம்மா வீட்டு வெள்ளிக்கிழமை

காஞ்சிபுரத்துக் கோயில் உண்டியல்கள் எல்லாம் சேர்ந்தும் கறக்க முடியாத காசைக் கஞ்சர்களிடமிருந்து கறந்தவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளையார்பாளையம் முழுக்க அவர் அபராதம்மா.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தம் வீட்டுத் தறிகளை நிறுத்திவிட்டுக் கூடத்தில் பாய் விரிப்பார். தெருப் பெண்கள் இருபது பேர் கூடுவார்கள். கோயில் இட்லியும் காபியும் இலவசம். பேச்சுக்குத்தான் காசு. மாமியாரைக் குறை சொன்னால் பத்து ரூபாய், மருமகளைச் சொன்னாலும் அதே. புருஷனைச் சொன்னால் இருபது. புற்றுநோயை ‘அந்த வியாதி’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் ஐம்பது.

“கேன்சர்னு வாய்விட்டுச் சொல்லுமா. பேரைச் சொன்னா ஒட்டிக்காது” என்பார். சேர்ந்த பணம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைகளின் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போகும்.

புருஷன் கணக்கில்தான் வசூல் அதிகம். சிலர் நூறு ரூபாயை முதலிலேயே போட்டுவிட்டு நிம்மதியாக ஆரம்பிப்பார்களாம். வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தியம்மாள் மருமகளைப் பற்றிப் பேசியே பஸ் காசையும் இழந்தார். அபராதம்மாவே டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து ஏற்றிவிட்டார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக அந்தம்மாள், “அவ வைக்கிற ரசம் இருக்குதே…” என்று இழுக்க, இவர் பின்னாலேயே ஓடி, “பத்து ரூபா!” என்று கூவினார்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். என் மனைவி கமலாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. பெண்ணுக்கு வரன் கூடிவந்த நேரம். அம்மாவுக்கு இப்படி என்று தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள்? “கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்றேன். டாக்டரிடம்கூட அழைத்துப் போகவில்லை.

ஒரு கடைசி வெள்ளிக்கிழமை அபராதம்மா வீட்டுக்குப் போயிருந்த கமலாவைக் கூட்டிவரப் போனேன். வாசலில் பூக்காரப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். “சார், இன்னிக்கு அம்பது ரூபா கட்டினது உங்க வூட்டம்மாதான்!”

ஐம்பது ரூபாய் எதற்கு என்று தெருவுக்கே தெரியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தேன். “இவ சொல்றதை யாரும் நம்பாதீங்க! அது வெறும் கட்டி. கேன்சரும் இல்லை, ஒண்ணும் இல்லை!” என்று வகுப்பை அடக்கும் குரலில் கத்தினேன்.

இருபது பேர் வாயிலும் இட்லி அப்படியே நின்றது. கமலா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவங்க ஒண்ணுமே சொல்லலையே சார்” என்றார் அபராதம்மா. “‘என் வூட்டுக்காரர் தங்கம்’னாங்க. பொய் சொன்னா அம்பதுன்னு நான்தான் இன்னிக்குப் புதுசா போட்டேன்.”

யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அபராதம்மா கமலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “எவ்ளோ நாளா இருக்குதுமா?”

“மூணு மாசமா” என்றாள் கமலா.

“சார், நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. நானும் வரேன்.”

“பொண்ணு கல்யாணம்…” என்று இழுத்தேன்.

“அந்தக் கல்யாணத்துல பெத்தவ ஒக்கார வேணாமா? இன்னாபா படிச்சே நீ!”

அந்தத் தெருவில் என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யாராவது முன்பே கேட்டிருக்கலாம்.

கட்டி புற்றுநோய்தான். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். நான் பயந்தபடியே அந்த வரன் தட்டிப்போனது. அடுத்த வருடம் வேறொரு நல்ல பையன் வந்தான். மணமேடைக்குப் பக்கத்தில் கமலா, சிகிச்சையில் கொட்டி அப்போதுதான் வளர்ந்த குட்டை முடியில் மல்லிகையைக் குத்த முடியாமல் குத்திக்கொண்டு நின்றாள்.

அபராதம்மாவிடம் நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

ஆபரேஷன் நடந்த அன்று, ஆட்கள் போய்வரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உடைந்து அழுதுவிட்டேன். கூட வந்திருந்த அபராதம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று பயமாக இருந்தது. அவரோ எனக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டி நின்று, முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்து அதில் ஏதோ கறையைத் தேட ஆரம்பித்தார்.

நான் அழுது முடிக்கும்வரை அந்தக் கறை அவருக்குக் கிடைக்கவே இல்லை.