இலுப்பை மரத்தடியில் வீடு காலி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி வீடு தேடி அலைந்துகொண்டிருந்தது. காட்டுப் பிராணிக்கு எதற்கு வீடு என்று கேட்பவர்கள், அடைமழையில் ஒருநாள் வெளியே படுத்துப் பார்த்துவிட்டு வந்து மிச்சக் கதையைப் படிக்கலாம்.

முள்ளம்பன்றியின் பெயர் தாண்டவராயன். அவன் மனைவி பவளக்கொடிக்கு நிறைமாதம். வானத்தில் மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. மழை இறங்குவதற்குள் ஈரம் ஏறாத குழி ஒன்று கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் குட்டிகள் சேற்றில்தான் பிறக்கும். பிரச்சினை அவ்வளவுதான். இதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தாண்டவராயன் நடுவில் மறந்துவிடப் போகிறான்.

குழிகள் இல்லாமல் இல்லை. எல்லாக் குழிகளும் முயல்களுக்குச் சொந்தம். மேட்டுக்குழி முயல் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டது.

“நீங்க முள்ளுங்களா?”

“ஆமாங்க.”

“எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் வித்தியாசம் கிடையாது. வீட்டுல பெரியவங்கதான் ஒத்துக்க மாட்டாங்க. அதுவும் இல்லாம, நீங்க நடந்தா சலங்கை கட்டின மாதிரி சத்தம் வருதாமே? பக்கத்துக் குழியில இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

அடுத்த குழியிலும் இதே பேச்சு. அதற்கடுத்த குழியில் கதவே திறக்கவில்லை. உள்ளேயிருந்து “வீட்ல யாரும் இல்லை” என்று மட்டும் குரல் வந்தது.

கடைசியில் புரோக்கர் காக்கா ஒரு இடம் சொன்னது. “இலுப்பை மரத்தடியில ஒரு குழி இருக்குப்பா. பாறைக்கு அடியில, மேட்டுல. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. மூணு அறை. பின்பக்கமா ஒரு வாசல் வேற.”

“அப்புறம் ஏன் காலியா கிடக்கு?”

காக்கா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. “பேய் இருக்கு.”

தாண்டவராயன் சிரித்தான். அவன் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்துக்குப் பின்னால் கொஞ்ச காலம் குடியிருந்தவன். ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததையெல்லாம் தானே படித்துப் பாஸ் செய்ததாக எண்ணிக்கொண்டிருந்தான்.

“பேயாவது பூதமாவது! எல்லாம் மனப்பிரமை. பயந்தவன் மனசுல உண்டாகற உருவம், அவ்வளவுதான்” என்றான்.

பவளக்கொடி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி காக்காவைக் கேட்டாள். “பேய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஹவுஸ் ஓனர் இல்லையே?”

“இல்லை.”

“அப்ப சாமானை எடுங்க.”

குடிபோனார்கள். குழி காக்கா சொன்னதைவிட நன்றாக இருந்தது. பேய் எதுவும் வந்து யார் என்று கேட்கவில்லை. பவளக்கொடி நடு அறையில் காய்ந்த சருகைப் பரப்பி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தாள். வீடு கிடைத்ததே போதும் என்று தாண்டவராயனும் பக்கத்தில் படுத்திருந்தால் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு வீடு மட்டும் போதவில்லை. தான் சொன்னது சரி என்று ஊரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து கிளம்பிவிட்டான். ஓடைக்கரையில் தண்ணீர் குடிக்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, “நான் அங்கதான் குடியிருக்கேன். பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. வந்து பாருங்க” என்றான். “ஊர்வாயை எதுக்கு வாங்கிக் கட்டிக்கறீங்க?” என்று பவளக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். இவர்களைத் திருத்த முடியாது, சோறு போட்டுத் தூங்க வைக்கத்தான் முடியும்.

அவனுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்தக் காட்டில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. எது கெட்டுப்போனாலும், எது காணாமல் போனாலும் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. ஒருவர் “இலுப்பை மரத்துப் பேய்” என்பார். மற்றவர்கள் “அதான், அதேதான்” என்று மரம் இருக்கும் திசையில் ஒரு பிடி மண்ணைத் தூற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சண்டை கிடையாது, பஞ்சாயத்து கிடையாது. அந்த ஒரு பிடி மண்ணில்தான் காட்டின் நிம்மதி முழுவதும் அடங்கியிருந்தது.

இப்போது மண்ணை அள்ளியவர்கள் யோசித்தார்கள். பேய்தான் இல்லையாமே, அப்படியானால் திருவிழாவுக்கு வைத்திருந்த பலாப்பழத்தை யார் தின்றது? கேள்வி ஒன்று கிளம்பியதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவையெல்லாம் வந்தன. மான்கள் கூடிக் கூடிப் பேசின. நரியின் மனைவி நரியை வாசலிலேயே நிறுத்திவைத்தாள்.

ராஜா சபையைக் கூட்டினார். ராஜா என்றால் சிங்கம். அந்தப் பதவிக்கு வேறு யாரும் விண்ணப்பிக்காத காலத்தில் வந்தவர். பக்கத்தில் மந்திரி நரி. முன்வரிசையில் கரடி, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். பவளக்கொடியும் கணவன் பின்னால் மெல்ல நடந்து வந்து ஒரு ஓரமாக நின்றாள்.

“ஓய் முள்ளம்பன்றி, பேய் இல்லைன்னு சொல்றது நீதானா?” என்றார் ராஜா.

“நான் சொல்லலை ராஜா, விஞ்ஞானம் சொல்லுது. இங்க பேயைப் பாத்தவங்க கையைத் தூக்குங்க.”

சபை மொத்தமும் கையைத் தூக்கியது.

“எப்படி இருந்துச்சு?”

“பெரிய கோரைப்பல்லு. புல்லையே தொடாதாம்” என்றது மான்.

“உடம்பெல்லாம் மீன் செதில்” என்றது மீன்கொத்தி.

“ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு” என்றார் கரடி.

“பாத்தீங்களா!” என்று தாண்டவராயன் துள்ளினான். “ஒரே பேயா இருந்தா ஆளுக்கொரு ஜாடையாவா இருக்கும்? அவங்கவங்க மனசுல இருக்கறது அவங்கவங்க கண்ணுல தெரியுது. அதுக்குப் பேரு பேய்.”

நியாயமான பேச்சுதான். சபையில் ஒன்றிரண்டு தலைகள் ஆடவும் செய்தன. இதோடு உட்கார்ந்திருக்கலாம். பவளக்கொடி பின்னாலிருந்து அவன் வாலைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள்.

“இன்னும் கேளுங்க. கரடியாரைப் பேய் அடிச்சு வழியில போட்டுடுதுன்னு சொல்றாங்க. அவர் வாயை மோந்து பாருங்க, புளிச்ச இலுப்பைப் பூ தின்ன போதை. மந்திரியாரைப் பேய் திசை தப்ப வச்சு ராத்திரியெல்லாம் சுத்த விடுதாம். ஓடைக்கு அந்தப் பக்கம் அவருக்கு இருக்கற சின்ன வீட்டுக்கு அவர் ஒருநாளும் திசை தப்பினதே இல்லை. ராஜா காவல் சுத்த வராததுக்குப் பேய் வழி மறிச்சதுதான் காரணமாம். வழியை மறிக்கறது பேய் இல்லை, ராஜாவோட தொப்பை. அந்தப் பலாப்பழமும் அதுக்குள்ளதான் இருக்கு!”

தாண்டவராயன் கைதட்டலுக்காகக் காத்திருந்தான். பாவம், உண்மையை நிரூபித்துவிட்டால் வீட்டை நம் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று மனதார நம்பினான்.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ராஜா, தம்பி படிச்ச புள்ளை. பேய் மனசுல மட்டும்தான் இருக்குன்னு சொல்லுது. சரி, அப்படியே இருக்கட்டும். மனசுல மட்டும் இருக்கறதை எல்லாம் இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்? ராஜ்ஜியம்னு ஒண்ணு இருக்கு. யாராவது தொட்டுப் பாத்திருக்கீங்களா? நீங்க ராஜாங்கறதே இவங்க எல்லாரோட மனசுலயும்தான் இருக்கு. யானை மனசுல அது இல்லாததாலதானே, யானை வந்தா நாம ஒதுங்கி நிக்கறோம்?”

ராஜாவின் பிடரி சிலிர்த்தது. அவர் தன் கிரீடம் இருக்கவேண்டிய இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே மயிர்தான் இருந்தது.

“பேய் உண்டு!” என்று கர்ஜித்தார். “இலுப்பை மரத்தடிக் குழி பேயோட இடம். உசுரோட இருக்கற யாரும் அங்க குடியிருக்கக் கூடாது. சாமானைத் தூக்கி வெளியில போடுங்க!”

அந்த நேரம் பார்த்து முதல் துளி விழுந்தது. இலைகளின் மேல் படபடவென்று சத்தம் ஏறியது. தாண்டவராயன் அப்போதுதான் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான். நனைந்துபோய், வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். எதற்காக வீடு தேடினோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. தேவையில்லாத நேரத்தில் அத்தனை பேசிய வாய் அது.

பவளக்கொடி முன்னால் வந்தாள்.

“ராஜா சொன்னா சரிதாங்க. உசுரோட இருக்கறவங்க யாரும் அங்க இருக்க முடியாது. ஆனா நாங்க அங்கதானே இருக்கோம்? அப்படின்னா நாங்க உசுரோட இல்லை. எழுதிக்கோங்க.”

“என்னம்மா சொல்றே?”

“நாங்கதான் பேய்ங்கறேன். பழி போடறதுக்கு உங்களுக்கு ஒரு பேய் வேணும். எங்களுக்கு ஒரு வீடு வேணும். இனிமே எது காணாமப் போனாலும் நாங்க எடுத்தோம், யாரை அடிச்சுப் போட்டாலும் நாங்க அடிச்சோம். மறுத்துப் பேச மாட்டோம்.”

கரடி முதலில் கை தட்டினார். நரி யோசித்துப் பார்த்து, “விலாசத்தோட ஒரு பேய்! இது நமக்கு இத்தனை நாளா இல்லாத வசதியாச்சே” என்றார். ராஜாவுக்கும் திருப்தி. தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. தாண்டவராயன், பவளக்கொடி இருவரும் காலமானார்கள். குளிர்காற்று அடிக்கவே சபை அவர்களுக்காக எழுந்து நின்று மௌனம் காத்ததை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்கள்.

“நான் உசுரோட இருக்கேன்!” என்று தாண்டவராயன் கத்தினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே குட்டிகள் பிறந்தன, காய்ந்த சருகின் மேல். அதற்கப்புறமாவது அவன் சும்மா இருந்தானா? மழை விட்டதும் மேல்முறையீடு செய்யக் கிளம்பிவிட்டான். மந்திரி அலுவலக வாசலில் வரிசை நின்றது. இவனும் நின்றான். பின்னால் வந்த முயல் இவனுக்கு முன்னால் போய் நின்றது. “ஏங்க, நான் நிக்கறேன்ல?” என்றான். முயல் பக்கத்திலிருந்த அணிலிடம், “இந்த இடத்துல மட்டும் காலியாவே இருக்கு, பாரேன்” என்றது. அணிலும் முன்னால் போனது. அப்புறம் ஒரு ஆமை வந்தது. அதுவும் இவனைத் தாண்டிப் போனது. ஆமை தன்னைத் தாண்டிப் போன அந்த நிமிடத்தில்தான் தாண்டவராயனுக்கு உள்ளுக்குள் ஏதோ ஆட்டம் கண்டது.

கடைசியாக அவன் நரியின் முன்னால் போய் நின்றபோது நரி அவன் வழியாக அந்தப் பக்கம் பார்த்து, “அடுத்து யாரும் இல்லையா? கதவைச் சாத்து” என்றார்.

வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தான். “பவளம், பேய்ங்கறது மனசுல உண்டாகறதுன்னு நான்தான் சொன்னேன். இப்ப யார் மனசுலயும் நான் இல்லை. அப்ப நான் இருக்கேனா, இல்லையா? எனக்கே சந்தேகமா இருக்கு” என்றான்.

பவளக்கொடி குட்டிகளை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்து, முதுகைச் சிலிர்த்து, அவன் விலாவில் நறுக்கென்று ஒரு குத்து குத்தினாள்.

“ஐயோ!”

“வலிச்சுதா?”

“உயிர் போகுது.”

“போகுதுன்னா இருக்குன்னு அர்த்தம். வாயை மூடிக்கிட்டுக் கிழங்கைத் தின்னுங்க.”

கிழங்கா? ஆமாம், கிழங்கு. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் படையல் வந்துகொண்டிருந்தது. புதிதாகத் தப்பு செய்தவர்கள் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்கள். கரடி இலுப்பைப் பூவும் கொண்டுவந்து வைத்தார். ராஜா ஊருக்குத் தெரியாமல் பாதிப் பலாப்பழம் அனுப்பினார், மீதிப் பாதியையும் பேயே தின்றதாகச் சொல்லச் சொல்லி. வீட்டுக்கு விருந்தாளி வரவில்லை. வரி கேட்டு யாரும் வரவில்லை. குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியான வேளை. மேட்டில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டுத் தாண்டவராயன் வாசலில் எட்டிப் பார்த்தான். ஒரு எறும்புதின்னி. தலையில் மூட்டை. பின்னால் அதன் மனைவி மூச்சு வாங்கியபடி வந்தாள். வயிறு பெரிதாக இருந்தது. கிளையில் புரோக்கர் காக்கா.

“நல்லா யோசிச்சுக்கோப்பா. பேய் இருக்கு” என்றது காக்கா.

“பேயாவது பூதமாவது!” என்று எறும்புதின்னி சிரித்தது. “எல்லாம் மனப்பிரமை.”

தாண்டவராயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடடா, நம்ம ஆள்! எத்தனை நாளாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு! ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்தான். வானம் உறுமியது. திரும்பி உள்ளே பார்த்தான். மூன்று அறை. அவன் குட்டிகள் காலை நீட்டிப் படுத்திருந்தன. மேலே பார்த்தான், மேகம். எறும்புதின்னியின் மனைவியைப் பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

மெல்லப் பின்வாங்கி இருட்டுக்குள் போனான். திரும்பி நின்றான். வால் முட்களை ஆட்டினான்.

ஜல், ஜல், ஜல்.

எறும்புதின்னி அப்படியே பந்தாகச் சுருண்டு, மேட்டிலிருந்து உருண்டு, ஓடைவரைக்கும் போய்த்தான் நின்றது. மூட்டையை எடுத்துக்கொண்டு அதன் மனைவி மழையில் பின்னால் நடந்தாள்.

“சலங்கை பரவாயில்லை. அடுத்த தடவை கொஞ்சம் சிரிப்பும் சேத்துக்கோங்க” என்றாள் பவளக்கொடி.

நீதி: பேய் இல்லை என்பது, இன்னும் வீடு கிடைக்காதவர்களின் கருத்து.