சதுரடி சார் அளந்த என் அறை

கொல்லிமலையில் உள்ள பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சதுரடி சார் அளந்து முடித்தவை ஒன்று, இனிமேல் அளக்கப் போகிறவை இன்னொன்று. மூன்றாவது வகை கிடையாது. மரம், மாடு, மினி பஸ், மேசை, மனிதர் எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. நானும் தப்பவில்லை.

அவர் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். பேளுக்குறிச்சிக்காரர். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற ஆண்கள் கால்சட்டைப் பையில் கைக்குட்டை வைத்திருப்பார்கள், இவர் அளக்கிற டேப் வைத்திருப்பார். நான் தலைமையாசிரியையாகப் போய்ச் சேர்ந்த அன்று எல்லா ஆசிரியர்களும் வந்து வணக்கம் சொன்னார்கள். இவர் வந்து என் மேசை மேல் டேப்பை ஓட்டினார்.

"மூணுக்கு அஞ்சுங்க மேடம். பதினஞ்சு சதுரடி. பெரிய மேசைதானுங்க."

"நன்றிங்க சார்" என்றேன். பாராட்டு என்று நினைத்துவிட்டேன். அது புகார் என்று புரிவதற்கு ஆறு மாதம் ஆனது.

ஒரு நாள் சோளக்காடு ஊர்ச் சந்தையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சதுரடி சார் ஒரு பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்தபடி குனிந்திருந்தார். பழத்தைச் சுற்றி டேப். பழக்காரம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, பழம் வாங்க வந்தீங்களா, அதுக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?"

"சுத்தளவு தெரியாம எப்படீங்கம்மா வாங்கறது?"

"அறுத்தே காட்டறனுங்க. சுளையைத் தின்னு பாத்துட்டு வாங்குங்க."

"சுளை நல்லாத்தான் இருக்கும். என்ற பை ஒன்றரை அடிதானுங்க, அதுக்குள்ள போகோணுமில்ல?"

அன்று வந்த பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டையும் அளந்தார். இதில் நியாயமாக இரண்டரை ஆள்தான் உட்காரலாம் என்று கண்டக்டரிடம் எடுத்துச் சொன்னார். "அந்த அரை ஆளு நீங்கதானுங்க, எந்திரிங்க" என்றார் கண்டக்டர். சதுரடி சார் கோபித்துக்கொள்ளவில்லை. தீர்ப்பு சரி என்பது போல எழுந்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே இறங்கினார். எனக்குத்தான் பக்கத்தில் உட்கார வெட்கமாக இருந்தது.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் நடத்திய பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை, அடுக்கி வைப்போம். பெஞ்சுகள் எல்லாம் என்றோ உடைந்து ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். நடுவரிசையில் ஒருவன் ஒன்றுக்குப் போக எழுந்தால், திரும்பி வரும்போது அவன் இடம் காணாமல் போயிருக்கும். உடைந்த பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போடுங்களேன் என்பீர்கள். அரசாங்கப் பொருளைக் கழிக்க உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்க, அது எந்த வருடம் வாங்கியது என்று எழுத வேண்டும். அதை எழுதிவைத்த பதிவேடு அந்த அறைக்குள்ளே, பெஞ்சுகளுக்கு அடியில் இருந்தது.

பத்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள், பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அந்த வருடம் பத்தாம் வகுப்பில் வெண்ணிலா என்று ஒரு பெண். கணக்கில் புலி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அவளுடைய அப்பா ஆலத்தூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருப்பவர். ஒரு நாள் வந்து வாசலில் நின்றார்.

"இங்கயே பதினொண்ணு வந்துச்சுன்னா படிக்கட்டுமுங்க டீச்சர். ரெண்டு பஸ் மாத்தி அனுப்ப நம்மளால ஆகாதுங்க. திருப்பூர்ப் பக்கம் கம்பெனிக்கு ஆள் கேட்டுக்கிட்டு இருக்கறாங்க. ஜூன் மாசத்துக்குள்ள ஒரு பதில் சொல்லீருங்க."

பள்ளியை மேல்நிலையாக உயர்த்தக் கேட்டு ஏற்கெனவே எழுதியிருந்தோம். அதற்குப் பதிலாக ஒரு படிவம் வந்திருந்தது. ஒவ்வொரு அறைக்கும் நீளம், அகலம், பிள்ளைகள் எத்தனை, ஒரு பிள்ளைக்குப் பத்துச் சதுர அடி இருக்கிறதா, புதிய வகுப்புகளுக்கு அறை உண்டா என்று கேட்டிருந்தார்கள். பழைய படிவங்களைப் புரட்டினேன். எனக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் எல்லா அறையும் இருபதுக்கு முப்பது என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவரைப் பார்த்து எழுதியது. முதலாமவர் எதைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. நானும் அப்படியே எழுதி, அளந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிச் சதுரடி சாரிடம் நீட்டினேன். என் உத்தியோகத்திலேயே நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

"அளக்காம எப்படீங்க மேடம் கையெழுத்துப் போடறது?"

"ஊர் உலகமெல்லாம் போடறாங்க சார்."

"டேப் இல்லாதவங்க போடலாமுங்க. எங்கிட்ட இருக்குதுங்களே."

நான்கு நாள் அளந்தார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளின் தலைக்கு மேல் டேப் போகும். தமிழம்மா செய்யுள் சொல்லிக்கொண்டிருந்தபோது "கொஞ்சம் காலை எடுங்கம்மா" என்றாராம். அந்தம்மா அழுதுகொண்டே என்னிடம் வந்தார். அளந்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கதவு திறக்கும்போது அடைக்கிற இடத்தைக் கழித்தார். பீரோ நிற்கும் இடத்தைக் கழித்தார். ஓடு ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வட்டம் போட்டு, "மழைக்காலத்துல இங்க புள்ளைங்க உக்காராதுங்க" என்று அதையும் கழித்தார். கடைசியில் பத்தாம் வகுப்புக்கு வந்த விடை, முப்பத்தாறு பேருக்கு இடம். இருந்தவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர்.

"சார், இதை அனுப்பினா நமக்குப் பதினொண்ணு வருமா?"

"வராதுங்க."

"அப்புறம்?"

"அளவு அதுதானுங்களே மேடம்."

வெண்ணிலாவைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்ல புள்ளைங்க" என்றார். அவ்வளவுதான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சுவரையும் அவர் அளந்திருந்தார்.

நான் அவரை விட்டுவிட்டு, அறிவியல் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, இருபதுக்கு முப்பதையே அனுப்பினேன். செய்தது சரி என்று சொல்லவில்லை. அதிகாரி பார்வையிட வரும் அன்று எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் இயற்கை உலா என்று காட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, மிச்சப் பிள்ளைகளை எல்லா அறைகளிலும் பரப்பி உட்கார வைப்பதாகத் திட்டம். சதுரடி சார் இதைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டி சுண்ணாம்புக் கட்டி வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதிகாரி வரும் நாள் காலையில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனிமூட்டம், கூடவே தூறல். இயற்கை உலா போச்சு. நான் பதறிக்கொண்டு வந்தால் வராந்தா முழுக்கப் பிள்ளைகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையெங்கும் சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிள்ளை. ஒவ்வொன்றும் ராஜா மாதிரி காலை மடக்கி உட்கார்ந்திருந்தது.

"என்னங்க சார் இது?"

"மூணடிக்கு மூணடி நாலங்குலமுங்க மேடம். சரியாப் பத்துச் சதுரடி. பதிவேட்டு வரிசைப்படி உக்கார வெச்சேன். எடம் முடிஞ்சு போச்சு, மிச்சம் வெளிய நிக்குதுங்க."

"அழிங்க சார்! கும்பிட்டுக் கேக்கறேன், அழிங்க!"

அழிக்கத் துடைப்பம் தேடுவதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. அவர் இறங்கி, வராந்தாவைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, இவங்க எல்லாம் ஏன் வெளியில நிக்கறாங்க?"

வரிசையில் முன்னால் நின்ற வெண்ணிலா முந்திக்கொண்டு பதில் சொன்னாள். பதிவேட்டில் அவள் பெயர் கடைசி, அதனால் வெளியே நின்றாள்.

"எங்களுக்குக் கட்டம் பத்தலீங்க சார்."

அதிகாரி என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை. "இருக்கிற பிள்ளைகளுக்கே இடம் இல்ல. இருபதுக்கு முப்பதுன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க. இதுல பதினொண்ணு வேறயா?" என்று கோப்பை மூடினார். அவ்வளவுதான், முடிந்தது. ஜூன் மாதம் வெண்ணிலாவின் அப்பாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். சதுரடி சாரைக் கடித்துக் குதறிவிடலாம் என்று இருந்தது.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். கையில் சுண்ணாம்புக் கட்டி, பின்னால் பத்தாம் வகுப்பில் இடம் கிடைக்காத இருபத்திரண்டு பிள்ளைகள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டுத் தரையில் கோடு போட ஆரம்பித்தார். "காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார். அதிகாரி தூக்கினார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தார். கட்டம் விழ விழப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

"யாருங்க நீங்க? நான்தான் இடம் இல்லைன்னு சொல்லிட்டேனே?"

"எடம் இல்லைன்னு நான் சொல்லலீங்க சார். புள்ளைங்களுக்கு எடம் இல்லைன்னுதான் சொன்னேன். இந்த ரூமு பதினெட்டுக்கு இருபது. முப்பத்தாறு கட்டம் வருதுங்க. இதுல மேடம் ஒருத்தர் உக்காந்திருக்கறாங்க. பெஞ்சு ரூமு இருபதுக்கு இருபது. அதுல நாப்பது கட்டம். உள்ள புள்ளை ஒண்ணுகூட இல்லீங்க, பூரா ஒடைஞ்ச கட்டை. பதினொண்ணுக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு, ஆச்சுங்களா?"

அதிகாரி காலை இறக்கினார். "அப்ப உங்க எச்.எம். எங்க உக்காருவாங்க?"

"வராந்தாக் கடைசியில நாலுக்கு ஆறு இருக்குதுங்க. அளந்து வெச்சுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். இரண்டு வருடக் கோபமும் சேர்ந்து வந்தது. "எடுத்துக்கங்க சார்! ரூமையும் எடுத்துக்கங்க, மேசையையும் எடுத்துக்கங்க! நான் வராந்தாவுல உக்காந்துக்கறேன், மழையில நனைஞ்சுக்கறேன்! உங்களுக்குத் திருப்தியா?" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. அதிகாரி அமைதியாகக் கோப்பைத் திறந்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"தலைமையாசிரியை அவர்கள் மாணவர் நலன் கருதித் தாமாகவே முன்வந்து தம் அறையை வகுப்பறைக்கென ஒப்படைத்துள்ளார்."

பிறகு நான் அனுப்பிய அளவுகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, சதுரடி சாரின் அளவுகளைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார். உடைந்த பெஞ்சுகளைக் கழிக்க அங்கேயே எழுதிக் கொடுத்தார். எழுந்து போகும்போது வெண்ணிலாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"பதினொண்ணு வந்தா படிப்பியா?"

"எடம் இருந்தா படிக்கறேனுங்க சார்."

ஜூன் மாதத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. உண்மையான அளவு முதல்தடவையாக மேலே போனதால் புதிதாக இரண்டு அறை கட்டவும் ஒப்புதல் வந்தது. அதற்கான மணல் இன்னும் மலை ஏறவில்லை. நான் வராந்தாவுக்குக் குடிபோனேன். வலப்பக்கம் சாரல், இடப்பக்கம் பிள்ளைகளின் செருப்பு. கோப்புகள் பனியில் ஊறி அப்பளம் போடுகிற பதத்துக்கு வந்துவிடும். வெண்ணிலாவைச் சேர்க்க வந்த அவளுடைய அப்பா, என் பழைய அறையில் தேடிவிட்டு, வராந்தாவில் என்னைக் கண்டுபிடித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சர், உங்களை வெளிய உக்கார வெச்சுட்டாங்களா? ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டீங்களா?"

"கோவத்துல வாயை விட்டுட்டேனுங்க" என்றேன். சேர்க்கைப் படிவத்தில் இரண்டு இடத்தில் போட வேண்டிய கையெழுத்தை மூன்று இடத்தில் போட்டேன். சந்தோஷத்தில்தான்.

வெண்ணிலா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சதுரடி சார் போன மே மாதத்தோடு ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் அவரைப் பற்றிப் பேச எழுந்தேன். மனதில் இருந்தது எல்லாமே புகார்கள்தான். முதல் இரண்டைச் சொன்னேன், மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மேடம் இன்னும் கோபமாக இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மேல்நிலை ஆனதும் மலையின் மற்ற நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முன்னைவிட நெரிசல். காலை மணி அடித்ததும் வராந்தாவில் என் நாற்காலி வரைக்கும் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், நின்று பேசக்கூட இடம் இல்லை. இருந்தும், அந்த மனிதர் போனதிலிருந்து பள்ளிக்கூடம் எனக்குக் காலியாகத்தான் தெரிகிறது.