ஆகாயக் கப்பலில் சூளகிரிப் புளி

"இனி உன் லாரியில என் புளி ஒரு மூட்டகூட ஏறாது மச்சான்!"

சூளகிரிச் சந்தையில் ஊரே பார்க்க நாராயணப்பன் அறிவித்தார். மனைவி ருக்மணியின் தம்பி கங்கப்பன், பெங்களூர் லாரி வாடகையைக் கூட்டிவிட்ட கோபம். மழைக்கு முன் போய்ச் சேராவிட்டால் ஈரத்தில் புளி கறுத்து, இந்த வருஷத்து வியாபாரமே படுத்துவிடும். ஆனால் நாராயணப்பன் அசரவில்லை. அவரிடம் ஆகாயக் கப்பல் இருந்தது.

பெங்களூர் இன்ஜினியர் ஒருவர் அதைக் கொண்டுவந்து, குடோனுக்குப் பின்னால் போர்வை போல மடித்து வைத்திருந்தார்.

"லாரின்னா டீசல், டயர், பார்டர்ல ஜூஜுவாடி செக்போஸ்ட்ல காத்துக் கெடக்கணும். இதுக்கு ரோடே வேண்டாம் முதலாளி. பாதிச் செலவுதான்."

"ஆகாசத்துல ஏது செக்போஸ்ட்டு!" நாராயணப்பன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "காஸ் அடைக்கணும். பெங்களூர்லதான் கிடைக்கும்."

"வரவழைங்க!"

சிலிண்டர்கள் வந்திறங்கின. கப்பல் உப்பியது. நாராயணப்பன் வானத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"அங்க புளிய இறக்கினதும் பாரம் கொறைஞ்சு கப்பல் மேல போயிடும் முதலாளி. அதே எடைக்குக் கல் ஏத்தணும். பெங்களூர்ல கல்லை விலைக்குத்தான் வாங்கணும்."

சூளகிரி மலைக் கல்லுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மனிதர் ஒரு கணம் திகைத்தார். "வாங்குங்க!"

அப்புறம் வெயிலில் காஸ் கசிந்தது. மறுபடி ஒரு லோடு. அது போதாமல் இன்னொரு லோடு.

"இப்ப லாரியவிட எவ்வளவு கம்மி?"

"மூணு மடங்கு ஜாஸ்தி முதலாளி."

"இருக்கட்டும். செக்போஸ்ட்டு இல்லயே!"

மலைமேல் மேகம் திரண்டது. இனி ஒரு நாள்கூடத் தாங்காது. கப்பல் ஜம்மென்று எழுந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடியது. நாராயணப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. புளியை ஏற்றச் சொல்லிக்கொண்டே ஓடிப்போய்க் குடோனைத் திறந்தார்.

உள்ளே ஒரு மூட்டைகூட இல்லை.

"ருக்மணி! எவனோ புளிய மொத்தமா வாரிட்டுப் போயிட்டான்டி!"

முறத்தோடு வெளியே வந்தாள் ருக்மணி.

"கத்தாதீங்க. காஸ இறக்கிட்டு என் தம்பி லாரி ஒவ்வொரு தடவையும் காலியாத்தான பெங்களூருக்குத் திரும்பிப் போச்சு? புளிய அதுலயே ஏத்தி உட்டுட்டேன்."